கொக்காவிற் கோபுரம்

உயரத்தில் இருப்பவன் தொலைவிற் காண்பான். உயரத்தில் நின்று கூவுபவனின் குரலும் தொலைவிற் கேட்கும். இவ்வுண்மையை வன்னி நாட்டு உழவர் பண்டுதொட்டே அறிந்திருந்தனர். விளைந்த வயலையும் காடு வெட்டிச் செய்த சேனையையும் யானையும் பன்றியும் அழித்துவிடாமற் காப்பதற்கு அவர்கள் மரக்கிளைகளின்மீது காவற்பரண் அமைத்தனர். ஒரு பரணில் எழும் கூவல் அடுத்த பரணை எட்டும். அங்கிருப்பவன் அதனைத் தன் குரலில் மேலும் அப்பால் அனுப்புவான். இவ்வாறு ஒருவன் கண்ட ஆபத்தைச் சில நிமிடங்களில் ஊர் முழுவதும் அறிந்துகொள்ளும். இக்காலத்து வானொலிக் கோபுரமும் தொழிலால் அப்பரணின் இனத்தைச் சேர்ந்ததே. இரும்பும் மின்சாரமும் சேர்ந்ததனால் அதன் குரல் ஒரு குறிச்சியைக் கடந்து ஒரு மாகாணத்தையே எட்டுகின்றது.

அத்தகைய கோபுரம் ஒன்று வன்னிப் பெருநிலத்தின் நடுவே நிற்கின்றது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், மாங்குளத்தைக் கடந்து முறிகண்டியை அடையுமுன் வரும் சிற்றூர் கொக்காவில். முறிகண்டிப் பிள்ளையார் முன்றலில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டே வழிப்போக்கர் அப்பாற் செல்வர். அவ்வழக்கத்தால் முறிகண்டியை நாடே அறியும். கொக்காவிலை அறிந்தவர் ஒரு காலத்திற் சிலரே. இன்றோ காட்டு மரங்களுக்கு மேலே 174 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் உருக்குக் கோபுரம் அவ்வூரின் பெயரை நாடறியச் செய்துள்ளது. 2011ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆம் திகதி அது திறந்துவைக்கப்பட்டபோது, இலங்கையின் மிக உயர்ந்த கோபுரமாக விளங்கிற்று. பின்னர் 2019இல் திறக்கப்பட்ட கொழும்புத் தாமரைக் கோபுரம் ஏறக்குறைய 350 மீற்றர் உயர்ந்து அச்சிறப்பைத் தனதாக்கிக் கொண்டது. ஆயினும் கொக்காவிலின் வரலாறு 2011இல் தொடங்கியதன்று. அதே ஊரில் முன்னரும் ஒரு கோபுரம் நின்றது; அது வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கும் புதிய எழுச்சிக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி மறைந்தன.

இவ்வளவு உயரம் எதற்கு என்ற வினாவுக்குச் சிறிது விளக்கம் வேண்டும். வானலைகள் யாவும் ஒரே வகையாகச் செல்வன அல்ல. மத்திய அலை எனப்படுவது நிலத்தைத் தழுவிக்கொண்டு ஊர்ந்து செல்லும். சிற்றலை மேல்நோக்கிச் சென்று, வளிமண்டலத்தின் உச்சியில் மின்னூட்டம் பெற்றிருக்கும் படலத்திற் பட்டுத் திரும்பிப் பல்லாயிரம் கிலோமீற்றர் அப்பால் இறங்கும். மூன்றாவது வகை அதிவேக அதிர்வுடைய அலைகள். தொலைக்காட்சியும் பண்பலை என வழங்கும் எப்.எம். வானொலியும் கைத்தொலைபேசியும் இவற்றையே நம்பியுள்ளன. இவ்வலைகள் ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும். பூமியின் வளைவைச் சுற்றிச் செல்ல அவற்றால் ஆகாது. எனவே அனுப்பும் இடமும் பெறும் இடமும் ஒன்றையொன்று ஏறக்குறையக் கண்ணாற் காணக்கூடியனவாக அமைதல் வேண்டும்.

வெட்டவெளியில் நிற்கும் மனிதன் ஒருவனின் பார்வை நாலரைக் கிலோமீற்றர் அளவில் அடிவானத்தை முட்டிவிடும். ஐந்து மீற்றர் உயரப் பரணில் ஏறினால் அது எட்டுக் கிலோமீற்றராகும். 174 மீற்றர் உயரத்தில் அது ஏறக்குறைய 47 கிலோமீற்றர். வானலை வளிமண்டலத்தைக் கடக்கும்போது சற்றே வளைவதால் அதன் அடிவானம் 54 கிலோமீற்றர் வரை செல்லும். கேட்போர் தம் கூரைமேல் உயர்ந்த ஏரியல் கம்பி நாட்டியிருப்பின் இன்னும் சில கிலோமீற்றர் கூடும். உயரத்தை நான்கு மடங்காக்கினாலன்றி எட்டும் தொலைவு இரு மடங்காகாது என்பதும் கருதத்தக்கது. உயர்ந்த கோபுரங்கள் பெருஞ்செலவுடையன ஆவது இதனாலேயே.

இலங்கையின் நடுப்பகுதிக்கு இக்கவலை அத்துணைப் பெரிதன்று. அங்கு இயற்கையே கோபுரம் கட்டி வைத்திருக்கின்றது. 2,524 மீற்றர் உயரமுடைய பீதுருதாலகால மலையுச்சியில் ஒரு சிறு கம்பத்தை நாட்டினாலும் அதன் அலை நாட்டின் பெரும் பகுதியைச் சென்றடையும். வன்னியோ மலையற்ற சமநிலம். குளமும் வயலும் பாலையும் முதிரையும் நிறைந்த அந்நிலத்தில், மனிதன் உயர்த்தினாலன்றி உயரம் என்பது இல்லை. கொக்காவிலை நடுவாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதனுள் அடங்கும். வவுனியா நகரம் அதன் விளிம்பிலும், யாழ்ப்பாணமும் மன்னாரும் விளிம்புக்குச் சற்றே அப்பாலும் அமையும். வட மாகாணம் முழுவதற்கும் ஓரிடத்திலிருந்து பேச விரும்புபவன் அவ்வூரைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. வானலைக்கு ஏற்ற இடம் போர்வீரனின் கண்ணுக்கும் ஏற்ற இடமாகத் தோன்றியதுதான் பின்னர் நேர்ந்த துன்பத்துக்குக் காரணமாயிற்று.

இந்நாட்டில் ஒலிபரப்பு வேரூன்றிய காலம் மிக முந்தியது. கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேட் ஹாப்பர் 1923இற் பரிசோதனை ஒலிபரப்புகளைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளே அதற்குப் பயன்பட்டன என்பர். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி ஆளுநர் சேர் ஹியூ கிளிபேட் கொழும்பு வானொலியைத் தொடக்கி வைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காக ஆற்றல் மிக்க சிற்றலை நிலையம் ஒன்றை இத்தீவில் அமைத்தது. போர் ஓய்ந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. வீரர்க்கெனக் கட்டிய ஒலிபரப்பி, பின்னர் வீட்டு முற்றங்களுக்குப் பாட்டும் நாடகமும் உரையும் கொண்டு சென்றது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழகத்திலும் விரும்பிக் கேட்டனர். 1967ஆம் ஆண்டு சனவரி மாதம் அது கூட்டுத்தாபனமாக மாற்றம் பெற்றது. போரின் கருவி அமைதிக்குப் பயன்பட்ட நற்காலம் அது. அடுத்து வந்த தலைமுறை இதன் மறுபக்கத்தையும் காண நேர்ந்தது.

1979ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ரூபவாஹினியும் தம் பணியைத் தொடங்கின. தொலைக்காட்சி அலை நேர்கோட்டிற் செல்வதாதலால், வடக்கு மக்களுக்கு அதனைக் கொண்டுசெல்ல இடைநிலையம் ஒன்று தேவைப்பட்டது. அவ்வாறே ரூபவாஹினியின் வட பகுதி ஒளிபரப்பு நிலையமும் கோபுரமும் கொக்காவிலில் எழுந்தன. ஆயின் அதற்குக் கிடைத்த அமைதிக்காலம் மிகச் சிறிது. 1983ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் இனப்பிரச்சினை போராக மூண்டது. நெடுஞ்சாலையோரம் நின்ற கோபுரத்தைக் காக்கப் படைமுகாம் ஒன்று அமைந்தது. முகாம் அமைந்ததனால் கோபுரம் மேலும் பெரிய இலக்காயிற்று.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் இரண்டாம் கட்டப் போர் வெடித்தது. கொக்காவிலில் இருந்த சிறிய இராணுவப் பிரிவு விடுதலைப் புலிகளின் முற்றுகைக்குள்ளாயிற்று. உணவும் நீரும் வெடிபொருளும் குறைந்து வந்த நிலையில், யூலை 11ஆம் திகதி முகாம் வீழ்ந்தது. அதன் தளபதியாயிருந்த லெப்டினன்ற் சாலிய அலதெனிய அங்கேயே உயிர்நீத்தார். நாட்டின் உயர்ந்த படைத்துறை விருதான பரம வீர விபூஷணம் பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது. தாக்கியோரிலும் காத்தோரிலும் மாண்டவர் பெரும்பாலும் இளைஞர்களே. ஒளிபரப்பு நிலையமும் அப்போரில் அழிந்தது.

கோபுரம் போரிற் சிக்குவது கொக்காவிலில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஜேர்மனி–போலந்து எல்லையில் இருந்த கிளைவிற்ஸ் நகரில், முற்றிலும் மரத்தாலான வானொலிக் கோபுரம் ஒன்று 1930களிற் கட்டப்பட்டது. 1939ஆம் ஆண்டு ஓகஸ்ற் 31ஆம் திகதி இரவு, நாசிப் படையினர் போலந்துக்காரர் போல் நடித்து அந்நிலையத்தைத் தாக்கி, பொய்ச் செய்தி ஒன்றை ஒலிபரப்பினர். அதனைச் சாட்டாகக் கொண்டு மறுநாட் காலை போலந்துமீது படையெடுத்தனர். இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மரக் கோபுரம் இன்றும், போலந்து நாட்டுக்குரியதாகிவிட்ட அந்நகரில் நிற்கின்றது. உயரமான இடத்திலிருந்து பேசும் உரிமையைக் கைப்பற்ற மனிதர் உயிரையும் உண்மையையும் பலியிடத் தயங்குவதில்லை என்பதற்கு அது சான்று.

1990க்குப் பின் வன்னி மக்கள் பட்ட துன்பங்களுள் ஒன்று, செய்தியின்மை. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வானொலிப் பெட்டிக்கு வேண்டிய பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. ஆயினும் கேட்கும் விருப்பத்தைத் தடைசெய்ய எவராலும் இயலவில்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவில் எழும் சிறு மின்னோட்டத்தை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தனர். ஒருவர் சுழற்றுவார், சுற்றி இருப்போர் கேட்பர். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். உடனே மற்றொருவர் இடத்தை ஏற்பார். இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியும் சிற்றலை வழியே அம்முற்றங்களில் இறங்கின. அருகே நின்ற கோபுரம் மௌனமாய்க் கிடக்க, தம் ஊரின் நிலையைப் பல்லாயிரம் கிலோமீற்றர் அப்பாலிருந்த கோபுரங்கள் கூறக் கேட்டு அறிய வேண்டிய நிலை அம்மக்களுக்கு வாய்த்தது.

எச்சரிக்கும் குரல் இல்லாமையின் விலை எத்தகையது என்பதை 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் உணர்த்திற்று. அன்று காலை சுமாத்திராத் தீவுக்கு அப்பால் கடலடியிற் பூமி அதிர்ந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில், கடற்கரை மக்கள் உள்நிலத்துக்கு நடந்தே சென்றிருக்கலாம். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. இத்தவறு வன்னிக்கு மட்டும் உரியதன்று. கோபுரங்கள் பல நின்ற தென்கரையிலும் மக்கள் எச்சரிக்கையின்றியே மாண்டனர். அறிந்தவன் சொல்லாதவிடத்துக் கோபுரம் இருந்தும் பயனில்லை; சொல்ல வழியில்லாதவிடத்து அறிவு இருந்தும் பயனில்லை. கூவல் பரணுக்குப் பரண் செல்வதுபோல் இவ்விரண்டும் இணைந்தால்தான் உயிர் தப்பும்.

போர்க்காலத்தில் மற்றத் தரப்பும் தனக்கென ஒலிபரப்பு நிலையம் அமைத்துக் கொண்டது. 1990ஆம் ஆண்டு நவம்பரில் விடுதலைப் புலிகள் தொடங்கிய 'புலிகளின் குரல்' பின்னாளிற் கிளிநொச்சியிலிருந்து இயங்கிற்று. 2007ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி அந்நிலையம் விமானக் குண்டுவீச்சுக்குள்ளாயிற்று. ஊழியரும் பொதுமக்களும் உயிரிழந்தனர். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் தலைவர் அதனைக் கண்டித்தார். கொக்காவிலும் கிளிநொச்சியும் இரு தரப்பினரின் கைகளால் அழிவைக் கண்டன. ஒரு தரப்பின் வாயாகக் கருதப்படும் கோபுரத்தை மறு தரப்பு அடைக்க முயல்கின்றது. எல்லாருக்கும் உரியது என்று எல்லாரும் நம்பும் கோபுரத்துக்கு மட்டுமே எல்லாரும் காவலாவர்.

2008ஆம் ஆண்டு டிசெம்பர் தொடக்கத்தில் இராணுவம் கொக்காவிலை மீண்டும் கைப்பற்றியது. 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவுற்றது. வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தனர். ஊர்கள் பாழடைந்து கிடந்தன. வழியெங்கும் கண்ணிவெடிகள் புதைந்திருந்தன. அந்நிலையிலே, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு புதிய கோபுரம் எழுப்பும் பணியை மேற்கொண்டது. பாலங்களும் பாடசாலைகளும் வீடுகளும் இல்லாதவிடத்துக் கோபுரம் முந்தியதேன் என்று கேட்டவர்களும் உண்டு. அவ்வினா நியாயமானதே. ஆயினும், பிரிந்து சிதறிய குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடிய காலத்தில் தொலைபேசி ஒலி வந்து சேர்வதும் பசி தீர்ப்பதை ஒத்த ஒரு தேவையாக இருந்ததை மறுத்தல் இயலாது.

இத்தகைய கோபுரங்கள் கற்சுவரால் எழுவன அல்ல. அகன்ற அடியில் ஊன்றி, மேலே செல்லச் செல்லக் குறுகி, உருக்குச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் பின்னிய வலைபோல் அமைவன. காற்று மோதாது ஊடுருவிச் செல்லுதற்கே அந்த இடைவெளிகள். வன்னிக்குப் புயல் புதிதன்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் 'புரெவி'யும் வடகிழக்குக் கரையைக் கடந்து வன்னிக்குள் நுழைந்தது. ஐப்பசி மாதத்து இடிமின்னலும் உயர்ந்து நிற்பதையே முதலில் நாடும். ஆதலின் கோபுர உச்சியில் மின்னல் தாங்கியும், அதிலிருந்து நிலத்துள் இறங்கும் செப்புக் கடத்தியும் இன்றியமையாதன. இரவில் எரியும் செவ்விளக்கு வானூர்திகளுக்கு எச்சரிக்கை. காட்டுவழியில் வருவோர்க்கோ அது திசைகாட்டி.

பழைய கோபுரத்துக்கும் புதியதற்கும் உயரத்தை விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பழையதற்கு வாய் மட்டுமே இருந்தது. கொழும்பிலிருந்து வருவதை அது மக்களுக்குச் சொல்லிற்று, மக்கள் கேட்டனர். புதிய கோபுரம் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் மட்டுமன்றித் தொலைபேசித் தொடர்புக்குமாக அமைந்தது. கைத்தொலைபேசி என்பது கையிலடங்கும் ஒலிபரப்பியுமாகும்; அதன் மெல்லிய அலையைக் கோபுரத்திலுள்ள கருவி பெற்றுக்கொள்ளாவிடில் பேச்சே நிகழாது. எனவே புதிய கோபுரத்துக்கு வாயோடு செவியும் உண்டு. முத்தையன்கட்டு உழவன் நெல் விலையைத் தம்புள்ளை வணிகனிடம் கேட்பதும், புதுக்குடியிருப்புத் தாய் கனடாவிலுள்ள மகனின் குரலைக் கேட்டு ஆறுதலடைவதும் இத்தகைய செவிகள் இருப்பதனாலேயே.

ஆயினும் பொறியியல் தரும் செவி வேறு. மனிதர் கொடுக்கும் செவி வேறு. கோபுரம் அலையைப் பெறும். பொருளைப் பெறுவது மனிதனின் கடமை. காணாமற்போன பிள்ளையைத் தேடிக் கிளிநொச்சி வீதியோரத்தில் 2017ஆம் ஆண்டு முதல் அமர்ந்த தாய்மாரின் குரல் கோபுரத்தின் வழியாக உலகெங்கும் சென்றது. விடை அவ்வளவு விரைவில் திரும்பி வரவில்லை. கொக்காவிலில் மாண்ட படைவீரரின் பெற்றோரும் தெற்கே தம் துயரைச் சுமந்தனர். இவ்விரு துயர்களையும் ஒன்றுக்கொன்று கேட்கச் செய்வதற்கு 174 மீற்றர் உருக்கு மட்டும் போதாது. ஒலிபரப்பாளரும் ஆசிரியரும் ஆட்சியாளரும் தத்தம் பங்கைச் செலுத்தினாலன்றி அப்பணி நிறைவேறாது.

பாரிஸ் நகரின் ஐபல் கோபுரத்தை இங்கு நினைவுகூரலாம். 1889இல் அது எழுந்தபோது இருபது ஆண்டுகளுக்கே அனுமதி இருந்தது. அதன்பின் பிரித்தெடுக்கப்படவேண்டிய இரும்புக் குவியலாகவே பலர் அதனைக் கருதினர். உச்சியில் வானொலிக் கம்பி ஏறி, அது நாட்டுக்குப் பயன்படுவதாயிற்று. அப்பயனே அதனை அழிவிலிருந்து காத்தது. கொக்காவிற் கோபுரத்தையும் இறுதியிற் காக்கப்போவது அதன் பயனே. அதன் அடியில் வாழும் உழவனும் மீனவனும் மாணவனும், 'இது எமக்காகவும் பேசுகின்றது. எம்மையும் கேட்கின்றது' என்று கூறும் நிலை உண்டாகுமானால், மூன்றாம் முறை ஒரு கோபுரத்தை அங்கே எழுப்பவேண்டிய தேவை எக்காலத்தும் நேராது.